பழைய மவுண்டன் பைக்கில் ஹெட்செட் ஆட்டம்: வீட்டிலேயே சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

முன் பிரேக்கை அழுத்தினால் கைப்பிடியில் 'டொக்' என்று ஒரு தட்டல், கரடுமுரடான பாதையில் இறங்கினால் முன்பக்கத்திலிருந்து ஒரு கடகடப்பு. பழைய மவுண்டன் பைக்கில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் ஹெட்செட்டில் ஆட்டம் விழுந்திருக்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கின் கழுத்துக் குழாய் ஃபிரேமுக்குள் திரும்புவதற்காக மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் பேரிங் ஜோடிதான் ஹெட்செட். இதில் ஆட்டம் வந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு குலுங்கலிலும் குண்டுகள் தங்கள் ஓடுபாதையில் மோதி மோதிப் பள்ளம் விழும். ஆரம்பத்திலேயே கவனித்தால் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. தள்ளிப்போட்டால் ஹெட்செட்டையே மாற்ற வேண்டி வரும்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை எடுப்பது ஒரு வேலை, எடுத்த அளவு மாறாமல் பூட்டுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே இறுக்கலில் முடிக்கப் பார்ப்பதால்தான் பலருக்கு இந்த வேலை சரியாக வருவதில்லை.

முதலில், ஆட்டம் எங்கே?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். முன்பக்கத்தில் ஆட்டம் வர ஹெட்செட்டைத் தவிர இன்னும் மூன்று இடங்கள் உண்டு: முன் சக்கரத்தின் நடுப்பாகமான ஹப், பிரேக் கைகள், சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் உள்ளே குழாய் வழுக்கி ஓடும் வளையமான புஷ். ஹெட்செட்டை எவ்வளவு இறுக்கினாலும் இவற்றின் ஆட்டம் போகாது. அது தெரியாமல் மேலும் மேலும் இறுக்கினால் நல்ல பேரிங்தான் கெடும்.

சைக்கிளைத் தரையில் நிறுத்தி, முன் பிரேக்கை ஒரு கையால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு கையின் விரல்களை, ஃபிரேமின் முன்குழாயில் பேரிங் உட்காரும் கிண்ணமான மேல் கப்பும் அதற்கு மேலே உள்ள பாகமும் சேரும் இடுக்கில், இரண்டையும் தொடுகிற மாதிரி வையுங்கள். சைக்கிளை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். இரண்டு பாகமும் ஒன்றுக்கொன்று நகர்ந்தால் விரல் நுனியில் அப்பட்டமாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நகர்வுகூட விரலுக்குத் தெரியும். அதனால் சத்தத்தை விட விரலை நம்புங்கள். கீழே, ஃபோர்க்கின் தோளும் கீழ்க் கப்பும் சேரும் இடத்திலும் இதேபோல் பாருங்கள்.

அப்புறம் ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் 90 டிகிரி திருப்பி, சக்கரம் குறுக்காக நிற்கும்படி வைத்து, மறுபடி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். நேராக இருக்கும்போது தட்டியது இப்போது தட்டவில்லை என்றால், பிரேக் மீதோ ஃபோர்க் புஷ் மீதோ சந்தேகப்படலாம். இப்படியும் தட்டினால் ஹெட்செட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹப்பைச் சோதிக்க, சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால், மேல் குழாய் கீழ்க்காலுக்குள் நுழையும் இடத்தில் விரலை வைத்து ஆட்டிப் பாருங்கள். 1990களின் ஃபோர்க்குகளில் இந்தப் புஷ் தேய்ந்திருப்பது மிகச் சாதாரணம்.

கப்பே ஃபிரேமுக்குள் அசைகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். விரலைக் கப்பும் ஃபிரேம் குழாயும் சேரும் கோட்டின் மேல் வைத்துச் சோதியுங்கள். அங்கே நகர்வு இருந்தால் கதை வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

உங்களுடையது எந்த வகை?

பழைய மவுண்டன் பைக்குகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று மரை வகை. கழுத்துக் குழாயின் மேல்முனையில் மரை வெட்டியிருக்கும், அதில் மேல் ரேஸும் (குண்டுகள் ஓடும் வளையம்) அதைப் பூட்டும் லாக் நட்டும் திருகப்பட்டிருக்கும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் அந்தக் குழாய்க்குள் கைத்தடி மாதிரி இறங்கியிருக்கும், அதன் தலையில் ஒரு போல்ட் தெரியும். இன்னொன்று மரையில்லாத வகை. இதில் ஸ்டெம் குழாயை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும், பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் ஒன்றோ இரண்டோ போல்ட் இருக்கும், உச்சியில் ஒரு சிறிய மூடி இருக்கும். ஜான் ரேடர் என்பவர் உருவாக்கிய இந்த அமைப்பு, 1990களின் தொடக்கத்தில் டயா-காம்ப் நிறுவனத்தின் அஹெட்செட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மவுண்டன் பைக் உலகம் பெரும்பாலும் இதற்கு மாறிவிட்டது. அதனால் 1990களின் சைக்கிள் என்றால் இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். வருடத்தை வைத்து ஊகிக்காமல் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

என்னென்ன வேண்டும்

மரை வகைக்கு முக்கியம் ஹெட்செட் ஸ்பேனர், அதாவது மெலிந்த, தட்டையான ஸ்பேனர். மேல் ரேஸின் தட்டைப் பக்கம் சில மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும் என்பதால் சாதாரண ஸ்பேனர் அதில் உட்காராது. ஒரு அங்குலக் கழுத்துக்குப் பெரும்பாலும் 32 மி.மீ., ஒன்றும் எட்டில் ஒரு பங்கும் (1 1/8) அங்குலம் உள்ள கழுத்துக்கு 36 மி.மீ., ஒன்றேகால் அங்குலத்துக்கு 40 மி.மீ. வாங்குமுன் லாக் நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்துவிடுங்கள். மேல் லாக் நட்டுக்கு நல்ல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் போதும். ஆகவே மெலிந்த ஸ்பேனர் ஒன்று இருந்தாலே வேலை நடக்கும். பைப் ரெஞ்சைத் தயவுசெய்து கிட்டே கொண்டுவராதீர்கள். பல் பதிந்து நட்டின் விளிம்பு வழுக்கிவிட்டால், அடுத்த முறை எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

ஸ்டெம் போல்ட்டுக்கு 6 மி.மீ. அலென் கீ. மரையில்லாத வகைக்குப் பெரும்பாலும் 5 மி.மீ., சிலவற்றில் 4 அல்லது 6. இவற்றோடு கிரீஸ், பழைய துணி, பிரித்துச் சுத்தம் செய்வதாக இருந்தால் மண்ணெண்ணெய் அல்லது டிகிரீசர், குண்டுகள் உருண்டு ஓடாமலிருக்க விளிம்புள்ள ஒரு தட்டு.

மரை வகை: ஆட்டத்தை எடுப்பது

மேலிருந்து கீழாக அடுக்கைப் பாருங்கள். உச்சியில் லாக் நட். அதன் கீழே உட்பக்கம் ஒரு சிறு நாக்கு நீட்டிய வாஷர். அந்த நாக்கு, குழாயின் மரையில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் உட்காரும். காண்டிலீவர் பிரேக் (நடுவில் வரும் ஒரே கேபிள் இரு பக்கக் கைகளையும் இழுக்கும் வகை) உள்ள சைக்கிள்களில், பிரேக் கேபிளைத் தாங்கும் ஒரு கொக்கியும் இந்த அடுக்கில் சேர்ந்திருக்கலாம். அதற்கும் கீழே மேல் ரேஸ். பேரிங்கை அழுத்துவது இந்த மேல் ரேஸ்தான். லாக் நட்டின் வேலை ரேஸை அந்த இடத்தில் அசையாமல் நிறுத்துவது மட்டுமே.

ஆட்டத்தை எடுக்க ஸ்டெம்மைக் கழற்றத் தேவையில்லை.

மேல் ரேஸை மெலிந்த ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, லாக் நட்டை இடஞ்சுழியாகத் திருப்பித் தளர்த்துங்கள். ஒரு சுற்று தளர்ந்தால் போதும். சில ஹெட்செட்டுகளில் மேல் ரேஸில் தட்டைப் பக்கமே இருக்காது, கையால் பிடிக்கச் சொரசொரப்பாக வரிவரியாக வெட்டியிருக்கும். அதை ரப்பர் துண்டு சுற்றிப் பிடிக்கலாம்.

இப்போது மேல் ரேஸைக் கையாலேயே வலஞ்சுழியாகத் திருப்புங்கள். பேரிங்கைத் தொட்டதும் ஒரு மென்மையான தடை தெரியும். அங்கே நிறுத்தி, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று பின்னால் திருப்புங்கள். ஆட்டத்தை எடுக்க வந்துவிட்டு ஏன் தளர்த்த வேண்டும் என்று தோன்றும். காரணம் மரையில் இருக்கிறது. எந்த மரையிலும் கொஞ்சம் இடைவெளி உண்டு. லாக் நட்டை இறுக்கும்போது அது ரேஸைக் கீழே அழுத்தி அந்த இடைவெளியைத் தின்றுவிடும், பேரிங் இன்னும் சற்று இறுகும். அதனால் கையால் வைக்கும்போது மிகச் சரியாக இருந்த அளவு, பூட்டிய பிறகு கூடுதல் இறுக்கமாகிவிடும்.

அளவு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு அங்குலக் கழுத்தில் அங்குலத்துக்கு 24 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு ரேஸ் இறங்குவது ஏறத்தாழ 1 மி.மீ. எட்டில் ஒரு சுற்று என்றால் சுமார் 0.13 மி.மீ. ஆட்டத்துக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் உள்ள தூரம் பெரும்பாலும் இதை விடக் குறைவு. ஆகவே ஒவ்வொரு திருத்தமும் பதினாறில் ஒரு சுற்று என்ற அளவில் இருக்கட்டும்.

ரேஸ் நகராமல் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை நன்றாக இறுக்குங்கள். அப்புறம் விரலை இடுக்கில் வைத்துப் பழைய சோதனை. இன்னும் ஆட்டம் இருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி, ரேஸை ஒரு துளி வலஞ்சுழியாகத் திருப்பி, மறுபடி பூட்டுங்கள். மூன்று நான்கு முறை இப்படிப் போவது சகஜம். பழகிய மெக்கானிக்கும் இப்படித்தான் செய்கிறார், வேகமாகச் செய்வதால் நமக்குத் தெரிவதில்லை.

கடைசியில் மிகச் சிறிய ஆட்டம் மட்டும் மிஞ்சியிருந்தால், ரேஸை அப்படியே பிடித்துக்கொண்டு லாக் நட்டை இன்னும் சற்று இறுக்கினாலே அது போய்விடலாம். மாறாக, பூட்டிய பிறகு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றால், லாக் நட்டைப் பிடித்துக்கொண்டு ரேஸை மெல்ல இடஞ்சுழியாக அதன் மேல் மோதும்படி திருப்புங்கள். பேரிங் தளரும், பூட்டும் வலுக்கும்.

ஆட்டம் போனது மட்டும் போதாது, சுழற்சியும் இலகுவாக இருக்க வேண்டும். ஃபிரேமைப் பிடித்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். சைக்கிளை லேசாக ஒரு பக்கம் சாய்த்தால், சக்கரம் தன் எடையாலேயே அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். பாதியில் நின்றால் இறுக்கம் அதிகம். ஆனால் கேபிள்கள் விறைப்பாக இருந்தாலும் அப்படி நிற்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறுகிய ஹெட்செட்டோடு ஓட்டினால் சைக்கிள் நேராகப் போகாமல் அலைபாயும். ஹேண்டில்பார் தானாகச் சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொள்வதால்தான் சைக்கிள் சமநிலையில் போகிறது. அந்தச் சுதந்திரம் போய்விட்டால், மெதுவாகப் போகும்போதுகூட ஓட்டுவது சிரமம்.

லாக் நட் நிற்கவே மாட்டேன் என்றால்

சரிசெய்து ஒரு வாரத்தில் மறுபடி ஆட்டம் வருகிறதா? நாக்கு வாஷரைப் பாருங்கள். நாக்கு மழுங்கிவிட்டால் வாஷர் லாக் நட்டோடு சேர்ந்து சுற்றும், சுற்றும்போது ரேஸையும் இழுத்துக்கொண்டு போகும். வாஷரை மட்டும் மாற்றினால் பிரச்சினை தீரும். மழுங்கிய நாக்கு குழாயின் மரையையும் கீறியிருக்கலாம், அதையும் கவனியுங்கள்.

இன்னொரு காரணம், கழுத்துக் குழாய் நீளமாக இருப்பது. லாக் நட்டின் உட்பக்க விளிம்பு குழாயின் உச்சியில் போய் முட்டிவிட்டால், நட் இறுகியதுபோல் கைக்குத் தெரியும், ஆனால் கீழே உள்ள ரேஸை அழுத்தியிருக்காது. அடுக்கில் மெல்லிய ஸ்பேசர் வாஷர் ஒன்று சேர்த்தால் சரியாகிவிடும். பழைய சைக்கிளில் யாரோ கேபிள் கொக்கியைக் கழற்றி எறிந்திருந்தால் இந்தக் கோளாறு வரலாம். அந்தக் கொக்கியின் தடிமனுக்கு ஈடாக அங்கே எதுவும் இல்லையே!

பிரித்து கிரீஸ் போடுவது

திருப்பும்போது மணல் அரைபடுவது போல் உணர்ந்தால், இறுக்குவதால் பயனில்லை, பிரிக்கத்தான் வேண்டும். முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கேபிளை விடுவியுங்கள். சில பழைய ஸ்டெம்களில் கேபிள் ஸ்டெம்முக்குள்ளாகவே போகும், அவற்றில் கேபிளை எடுக்காமல் ஸ்டெம் வராது.

ஸ்டெம்மின் போல்ட்டை மூன்று நான்கு சுற்று தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். உள்ளே குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆப்பு அப்படியே இருக்கும். போல்ட் தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டு தட்டினால் ஆப்பு விடுபடும். அலுமினிய ஸ்டெம் இரும்புக் குழாய்க்குள் பல ஆண்டுகள் கிடந்திருந்தால் துரு பிடித்து ஒன்றாகியிருக்கும். இடுக்கில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். பிறகு முன் சக்கரத்தை மாட்டி, அதைக் கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்து ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். அவசரம் வேண்டாம், எண்ணெயையும் நேரத்தையும் மறுபடி மறுபடி கொடுங்கள்.

லாக் நட், வாஷர், மேல் ரேஸ் என ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, ஃபோர்க்கைக் கீழிருந்து ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரேஸ் கழன்றதும் ஃபோர்க் இறங்கி, குண்டுகள் தரையெங்கும் ஓடும். கழற்றிய வரிசையிலேயே பாகங்களை அடுக்கி ஒரு படம் எடுத்துவையுங்கள். குண்டுகள் தகட்டு வளையத்தில் கோத்திருந்தால், வளையம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது மிக முக்கியம். தலைகீழாக மாட்டினால் தகடு ரேஸில் உரசும், சுழற்சி கரகரக்கும். சந்தேகமாக இருந்தால் வளையத்தைக் கப்பில் வைத்து, ரேஸைக் கையால் அழுத்திச் சுற்றிப் பாருங்கள். சரியான பக்கம் வழுவழுவென்று ஓடும்.

எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்து, கப்பையும் ரேஸையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளப்பான ஒரே கோடாக இருந்தால் நல்லது. முன்னும் பின்னும் வரிசையாகச் சிறு பள்ளங்கள் தெரிந்தால் தேய்ந்துவிட்டது. பொதுவாகக் கீழ் பேரிங்தான் முதலில் போகும். மோதலின் பெரும்பகுதியைத் தாங்குவதும் அதுதான், சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீரும் அங்கேதான் ஏறுகிறது.

குண்டுகளை எப்போதும் மொத்தமாகப் புதிதாக மாற்றுங்கள், பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். மவுண்டன் பைக்குகளில் 5/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 4 மி.மீ. குண்டுகள் பரவலாக உண்டு. ஆனாலும் பழைய குண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே வாங்குங்கள். கப்பில் தாராளமாக கிரீஸ் பூசினால் குண்டுகள் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உதிரிக் குண்டுகள் என்றால் வட்டம் நிறைய வைத்து ஒன்றை எடுத்துவிடுங்கள், உருள அந்த இடம் வேண்டும். ஸ்டெம்முக்கும் குழாயின் உட்புறத்துக்கும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை சிக்காது. ஸ்டெம்மை இறக்கும்போது அதிலுள்ள குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியக்கூடாது. அதற்கு மேல் உயர்த்தினால் ஆப்பு, குழாயின் மரை வெட்டிய மெலிந்த பகுதியில் அழுத்தி அதை வீங்கவைக்கும், உடையவும் கூடும்.

மரையில்லாத வகை

இது எளிது, ஆனால் வரிசை மாறக்கூடாது. உச்சி மூடியின் போல்ட் ஆட்டத்தை எடுக்கிறது, ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகள் பூட்டுகின்றன. பக்க போல்ட்டுகளைத் தளர்த்தாமல் உச்சி போல்ட்டை இறுக்கினால் எதுவும் நகராது, குழாய்க்குள் அந்த போல்ட்டைப் பிடித்திருக்கும் நட்சத்திர நட்தான் பிய்ந்து மேலே வரும்.

முதலில் பக்க போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். உச்சி போல்ட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கி, விரல் சோதனை செய்யுங்கள். ஆட்டம் போகும் வரை இதே அளவில் தொடருங்கள். போனதும் நிறுத்துங்கள். ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக வைத்து, பக்க போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்டெம்மில் இறுக்க அளவு பொறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். பல ஸ்டெம்களுக்கு அது 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். ஓட்டும்போது ஃபோர்க்கைப் பிடித்துவைப்பது இந்தப் பக்க போல்ட்டுகள்தான், மூடி இல்லை. அவற்றைத் தளர்வாக விட்டுவிட்டு ஓட்டாதீர்கள்.

எவ்வளவு இறுக்கியும் ஆட்டம் போகவில்லையா? மூடியைக் கழற்றிப் பாருங்கள். கழுத்துக் குழாயின் உச்சி, ஸ்டெம்மின் மேல்விளிம்பை விடச் சுமார் 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். சமமாக இருந்தால் மூடி குழாயையே அழுத்துகிறது, பேரிங்கை அல்ல. ஒரு ஸ்பேசர் சேர்த்தால் தீர்ந்தது. உயரம் சரியாக இருந்தும் போல்ட் சும்மா சுற்றினால் நட்சத்திர நட் பிடி விட்டிருக்கும், புதிது அடித்து இறக்க வேண்டும்.

கப் அசைந்தால், நடுவில் பிடித்தால்

கப் ஃபிரேமுக்குள் அசைந்தால் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் நிற்காது. கப்பை அடித்து எடுத்து, இரண்டு பரப்பையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, பேரிங்குகளைப் பொருத்தும் ரிடெய்னிங் பசை போட்டு அழுத்தி இறக்கலாம். மிகச் சிறிய இடைவெளிக்கு மட்டுமே இது கேட்கும். ஃபிரேமின் குழாய் வாய் நீள்வட்டமாகிவிட்டிருந்தால், ஃபிரேம் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். குழாயில் விரிசல் தெரிந்தால் அந்தச் சைக்கிளை ஓட்டவே கூடாது.

ஹேண்டில்பார் நேராக வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் பிடித்தால், ரேஸில் குழி விழுந்திருக்கிறது. அட்ஜஸ்ட் செய்து இதை எடுக்க முடியாது. நடுவில் ஆட்டத்தை எடுத்தால் ஓரத்தில் இறுகும், ஓரத்தில் இலகுவாக்கினால் நடுவில் ஆடும். முறையான தீர்வு புது ஹெட்செட். அது கிடைக்கும் வரை ஒரு வழி உண்டு. தகட்டு வளையத்தில் கோத்த குண்டுகளை எடுத்துவிட்டு உதிரிக் குண்டுகளை நிரப்புங்கள். எண்ணிக்கை கூடுவதால் எல்லாக் குண்டுகளும் ஒரே நேரத்தில் பழைய குழிகளில் விழாது. குழி ஆழமில்லை என்றால் இது நல்ல பலன் தரும்.

ஓட்டிப் பார்த்த பிறகு

முதலில் வாகனம் வராத இடத்தில் மெதுவாக ஓட்டி, முன் பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்திப் பாருங்கள். தட்டல் இல்லை, திருப்பம் இலகு என்றால் சரி. பிரித்து மாட்டிய ஹெட்செட்டில் புதுப் பாகங்கள் தங்கள் இடத்தில் உட்காரும்போது கொஞ்சம் ஆட்டம் திரும்ப வரும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு விரல் சோதனையை இன்னொரு முறை செய்து, தேவைப்பட்டால் பதினாறில் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். கழுவும்போது தண்ணீரை வேகமாகக் கீழ்க் கப்பின் மேல் பீய்ச்ச வேண்டாம், கிரீஸ் கரைந்து வெளியேறிவிடும்.